நாய் வராத இழவு

வாசகர்களே, இனபேதம் பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வாயைத் திறந்தால் போதும். இனபேதம் பார்க்காதவர்களையும் பார்த்திருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அவர்கள் பாட்டுக்குத் தங்கள் ஜோலியைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இங்கே சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தைப் பற்றி. தான் இனபேதம் பார்ப்பதில்லை என்பதை நாலு பேர் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுக் கைதட்ட வேண்டும், கைதட்டிய சேதியை ஒலிபெருக்கியில் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று விடிந்தது முதல் துடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர். நல்லிணக்கப் பிரமுகர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த ரகம் எல்லா நாட்டு மண்ணிலும் விளைகிறது. புர்க்கினா ஃபாசோவின் தெற்குக் கோடியில் இருக்கும் எங்கள் சாங்கோரோவில் விளைந்தது முதல் தரம். பெயர் ஃபெர்தினான் அபியூ. தலைநகரத்தில் பள்ளி ஆய்வாளராக இருந்து, பள்ளிக்கூடங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடும்படி ஓய்வு பெற்று, கோட்டு, டை, நான்கு நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி சகிதம் ஊர் திரும்பியவர். வந்த மறுவாரமே சமுதாய நல்லிணக்கக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்துத் தானே தலைவரானார். போட்டி இல்லை.

எங்கள் ஊரில் ஓடைக்கு மேற்கே காசெனாக்கள், கிழக்கே பிஸ்ஸாக்கள். அபியூ மேற்கு. அவர்கள் பேச்சு இவர்களுக்கு விளங்காது, இவர்கள் பேச்சு அவர்களுக்கு விளங்காது. இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்தக் காலத்திலோ இரண்டு கூட்டமும் ஓடை சிவக்க வெட்டிக்கொண்டார்களாம். பிறகு அலுத்துப்போய், இனிமேல் வாயால் மட்டும்தான் வெட்டிக்கொள்வது என்று ஓடைக்கரையில் சத்தியம் செய்தார்களாம். அன்றிலிருந்து காசெனாவைக் கண்டால் பிஸ்ஸா திட்டியாக வேண்டும். பிஸ்ஸாவைக் கண்டால் காசெனா திட்டியாக வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. பிஸ்ஸாக்கள் கடலைப் பைத்தியம், கடலைக்காகத் தாயையும் விற்பார்கள் என்பது இந்தப் பக்கத்து வசவு. காசெனாக்கள் நாய்த்தின்னிகள், அதிலும் தலைக்கறி என்றால் உயிர் என்பது அந்தப் பக்கத்து வசவு. மேற்குக்கரைக்காரன் ஒருவனுக்குப் பிஸ்ஸா மொழியில் 'தண்ணீர்' என்று கேட்கத் தெரியாது. ஆனால் அதே மொழியில் கடலைத் திருடனைப் பரம்பரையோடு திட்ட இருபது விதம் தெரியும். அதை வைத்துக்கொண்டே ஆடு விற்றார்கள், பெண் கொடுத்தார்கள், பிணம் புதைத்தார்கள்.

சந்தையில் இந்தக் கலையின் இரண்டு பெரிய வித்வான்கள் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டிருந்தார்கள். சோளக்கள் காய்ச்சி விற்கும் கச்சானா, காசெனா. அவள்தான் நம் அபியூவைப் பெற்றவள். வறுகடலை விற்கும் ஜெர்மேன், பிஸ்ஸா; பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். கச்சானாவை வெறுப்பேற்றுவதற்கென்றே ஜெர்மேன் ஒரு நாய் வளர்த்தாள். அதற்குக் குழம்பு என்று பெயர் வைத்து, கச்சானாவின் கடையைத் தாண்டும்போது மட்டும் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுவாள்.

"ஏ கடலைத் திருடி! என் கொல்லையில பூந்து விதைக்கடலையத் தோண்டித் தின்னது நீதானே?"

"ஆமாடி நாய்த்தின்னி, நான்தான் தோண்டினேன். உங்க வீட்டு நாயி பாத்துச்சு. அதையும் நீ தின்னு ஏப்பம் விட்டுட்டியே, சாட்சிக்கு எங்கடி போவ?"

இப்படி ஐம்பது வருஷம். சந்தை முடிந்ததும் கச்சானா ஒரு சுரைக்குடுக்கை நிறையக் கள்ளை அவள் பக்கம் தள்ளுவாள். ஜெர்மேன் ஒரு கை கடலையை இவள் மடியில் கொட்டுவாள். இரண்டு பேரும் ஒருவர் மொழியில் மற்றவர் ஒரு நல்ல வார்த்தை கற்றுக்கொண்டதில்லை. தேவைப்படவில்லை.

நம் பிரமுகருக்கு இதைக் காதால் கேட்க முடியவில்லை. பிஸ்ஸா ஒருவர் எதிரே வந்தால் அபியூவின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். இஸ்திரி போட்டது போல ஆகிவிடும். குரல் இரண்டு படி இறங்கும், முதுகு வளையும், இரண்டு கையையும் நீட்டி அந்த ஆளின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு தெரியாத அந்த மனிதனிடம் பிரெஞ்சில், செவிடனிடம் பேசுவது போல மெதுவாக, உரக்க, "உங்கள் பண்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்" என்பார். அந்த ஆள் ஆடு தேடி வந்தவனாக இருப்பான். திரும்பி வந்து தன் ஆட்களிடம், "அவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதானேப்பா" என்பார். இல்லை என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவர்தான் சொல்லிச் சொல்லி, அப்படியும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறதா என்று ஊரை யோசிக்க வைத்தார்.

பிஸ்ஸா விருந்தாளி வந்தால் அபியூ வீட்டு நாயைக் கொல்லைப்புறத்தில் அடைப்பார்கள். யார் மனமாவது புண்பட்டுவிட்டால்? கடலை கண்ணில் படக் கூடாது. கழகத்தின் முதல் மாநாட்டில் இரு கரைக்காரர்களுக்கும் பச்சைத் தொப்பி கொடுத்து, ஒரே பந்தியில் சோளக்களி போட்டார்கள். கடலைக் குழம்பு ஊற்றவில்லை. எங்கள் பக்கத்தில் கடலைக் குழம்பு இல்லாத விருந்து என்பது இழவு வீட்டிலும் நடக்காத காரியம். "குழம்பு எங்கய்யா?" என்று பிஸ்ஸாக்கள் கேட்டார்கள். "உங்க உணர்வுகளை மதிச்சு நிறுத்திட்டோம்" என்றார் அபியூ. அவர்கள் வெறுங்களியை விழுங்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த மாநாட்டில்தான் தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் ஓடையின் இரு கரையிலும் யாரும் யாரையும் கடலை, நாய் ஆகிய சொற்களால் அழைக்கக் கூடாது. பேச்சு வார்த்தைகள் எல்லாம் மரியாதையான மொழியில், மொழிபெயர்ப்பாளர் மூலம் நடக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் யார்? மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ரஸ்மானே. அப்பன் பிஸ்ஸா, அம்மா காசெனா, அதனால் இரண்டு மொழியும் தெரியும். இரு தரப்புப் பெரியவர்களும் கைதட்டி ஆமோதித்தார்கள். சாப்பாடு இன்னும் வரவில்லை, கைதட்டினால் வரும் என்று நினைத்தார்கள்.

தீர்மானம் போட்டவர் சும்மா இருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. மறுநாளே கோட்டு, டையோடு ரஸ்மானேயை அழைத்துக்கொண்டு ஜெர்மேன் வீட்டுக்குப் போய், ஐம்பது வருஷமாகத் தன் தாய் அவளைப் பேசிய பேச்சுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். மதிப்பிற்குரிய திருமதி என்றார். இனி ஒருக்காலும் அப்படி நடக்காது என்று உறுதியளித்தார். ஜெர்மேன் பதறிப்போனாள். எங்கள் ஊரில் மன்னிப்பு என்பது பகையாளிகளுக்குள் கேட்பது. வெட்டுக்குத்து நடந்தால் கேட்பது.

"நான் என்ன பண்ணேன்னு கேளு," என்றாள் ரஸ்மானேயிடம். "அவ ஏன் என்னை அத்து விடறா?"

ரஸ்மானே தீர்மானப்படி மரியாதையாக மொழிபெயர்த்தான். "அவங்க ரொம்ப நன்றி சொல்றாங்க ஐயா."

அன்றிலிருந்து ஜெர்மேன் கடையைச் சந்தையின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டாள். கச்சானாவைப் பார்த்தால் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். சந்தையில் எல்லோரும் அப்படித்தான் ஆனார்கள். ஆடு விலை பேச ரஸ்மானேக்குக் காத்திருந்தார்கள். ரஸ்மானே வருவதற்குள் ஆடு மேய்ந்துகொண்டே வீட்டுக்குப் போய்விட்டது. ஓடையை யாரும் வேலை இல்லாமல் தாண்டவில்லை. சாங்கோரோவில் அவ்வளவு மரியாதை அதற்கு முன் இருந்ததே இல்லை. அபியூ பூரித்துப்போனார்.

கச்சானா நோயில் விழுந்தாள். பாயில் படுத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அவ ஏண்டா வரல?"

"யாரும்மா?"

"அந்தக் கடலைத் திருடி."

"அம்மா, அப்படிச் சொல்லக் கூடாதும்மா. அவங்க இப்ப மரியாதையா இருக்காங்க. நல்ல முன்னேற்றம்."

"நான் என்னடா தப்பு பண்ணேன், என்னைப் போய் மரியாதை பண்றாங்க?" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் செத்தா அவ நாயோட வரணும். வரலேன்னா நான் போக மாட்டேன், சொல்லிட்டேன்," என்றாள். காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று அபியூ நெற்றியில் ஈரத்துணி போட்டார்.

நாய் விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஒரு காசெனா இறந்துவிட்டாரா என்பதைத் தீர்மானிப்பது மருத்துவர் அல்ல, நாய். பிஸ்ஸாக்கள் கூத்தும் கும்மாளமுமாக வந்து, பாடைக்குப் பக்கத்தில் ஒரு நாயை நடத்திக்கொண்டு போவார்கள். கறி நடந்து போகிறது, இதைப் பார்த்தும் எழுந்து பிடிக்காத காசெனா இருப்பானா? எழவில்லை என்றால் நிஜமாகவே செத்துவிட்டான் என்று அர்த்தம். பிஸ்ஸா இறந்தால் காசெனாக்கள் போய் முகத்துக்கு நேரே கடலையை ஆட்டிப் பார்ப்பார்கள். இரண்டு சோதனையிலும் இதுவரை யாரும் எழுந்ததில்லை. ஆனாலும் சோதனை சோதனைதான்.

கச்சானா ஒரு வியாழக்கிழமை அதிகாலையில் போய்ச் சேர்ந்தாள். வெயில் காலம், அன்றே எடுத்தாக வேண்டும். காலையில் பிஸ்ஸாக்கள் வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்கிறீர்கள்? வெளுத்த துணி உடுத்தி, பச்சைத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து, அபியூவின் கையைக் குலுக்கி, ரஸ்மானே சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வரிசை கலையாமல் போய்விட்டார்கள். ஜெர்மேனும் அப்படியே. யாரும் சிரிக்கவில்லை, யாரும் பாடை முன் படுத்து உருளவில்லை. மொத்தத்தில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அபியூ அந்த ஒழுங்கைக் கண்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டார். ஆனால் ஒன்று அவருக்கே விசித்திரமாக இருந்தது. பெற்ற தாய் கிடக்கிறாள், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

நடுப்பகலில் குழிக்கரைக்குத் தூக்கிப் போனார்கள். எங்கள் காசெனாக் குழி பானை வாய் போல வட்டமாக, குறுகலாக இருக்கும், உள்ளே அகலம். வெட்டியான் காத்தியூ குழி வாயில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"ம், இறக்கு," என்றார் அபியூ.

"நாய் எங்க?"

"என்ன நாய்?"

"நாய் பாக்காம நான் இறக்க மாட்டேன். எங்கப்பன் இறக்கினதில்ல, அவங்கப்பன் இறக்கினதில்ல."

"காத்தியூ, டாக்டரே சொல்லிட்டாருய்யா இறந்துட்டாங்கன்னு."

"டாக்டரு உங்கம்மா முன்னால நாயை நிறுத்திப் பாத்தாரா?"

"இல்ல."

"அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?"

அபியூ ஆய்வாளராக இருந்தவர். எத்தனை பிடிவாதக்காரத் தலைமையாசிரியர்களைப் பார்த்திருப்பார்! ஆனால் அவர்கள் யாரும் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு பேசியதில்லை. தன் வீட்டு நாயைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டார்.

"நம்ம நாய் நம்ம ஆளுக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? செல்லாது."

"சரி, ரஸ்மானே நாயைப் பிடிச்சிட்டு நடக்கட்டும். அவன் பாதி பிஸ்ஸாதானே?"

காத்தியூ மாங்கொட்டையைச் சப்பியபடி யோசித்தான். "பாதி பிஸ்ஸா பாதிச் சாவுக்குத்தான் சாட்சி. மீதிப் பாதி உயிரோட இருந்தா நான் என்னத்தை மூடறது?"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் சிலர் கழகத்தின் செயற்குழு. பாடை வெயிலில் இருந்தது. 'வரலேன்னா நான் போக மாட்டேன்' என்று அம்மா சொன்னது அபியூவின் காதில் அப்போதுதான் சரியாக விழுந்தது. ரஸ்மானேயை இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார்.

ஜெர்மேன் வேப்பமரத்தடியில், முறத்தை மடியில் வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். குழம்பு அவள் காலடியில் படுத்திருந்தது. சுற்றிலும் பிஸ்ஸாப் பெண்கள் கல்மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தலைவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து வணங்கினார்கள்.

"தலைவர் வந்தது எங்க பாக்கியம்னு சொல்லு," என்றாள் ஜெர்மேன்.

நாயோடு வா என்று நேரே கேட்டுவிட முடியாது. அது கூப்பிட்டு வருகிற காரியம் இல்லை. திட்டினால்தான் வருவார்கள், திட்டுத்தான் அழைப்பு. அபியூவுக்கும் அது தெரியும். டையைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மதிப்பிற்குரிய திருமதி ஜெர்மேன் அவர்களே, தாங்கள்... தங்கள் சமூகத்தினர்... நிலக்கடலையின் மீது சற்றே கூடுதலான ஈடுபாடு கொண்டவர்கள் என்று சிலர் கருதுகிறார்கள்."

ரஸ்மானே தலையைச் சொறிந்தான். "ஐயா, இதைத் திட்டாச் சொல்லணுமா, விவசாய ஆபீஸ் பேச்சாச் சொல்லணுமா?"

"திட்டா சொல்லுப்பா."

"திட்டுக் கூடாதுன்னு தீர்மானம் இருக்குங்களே. நீங்கதான் போட்டீங்க." அவன் ஜெர்மேன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். அவள் பணிவாகக் கேட்டுக்கொண்டாள்.

"இந்த வருஷம் கடலை விளைச்சல் பரவாயில்லைன்னு சொல்லு."

அபியூவுக்கு வியர்த்தது. இன்னொரு தடவை முயன்றார். "தங்கள் முன்னோர்கள் அயலார் வயலிலிருந்து அனுமதியின்றி விதைக்கடலை எடுத்ததாக ஒரு கருத்து நிலவுகிறது."

"ஐயா உங்க முன்னோர்களை வணங்கறாராம்," என்றான் ரஸ்மானே.

"எங்க முன்னோர்களும் அவரை வணங்கறாங்கன்னு சொல்லு," என்றாள் ஜெர்மேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். டக், டக் என்று தோல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் நிமிரவில்லை. கடலை மேல் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது அந்த டக், டக் சத்தத்தை மட்டும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் அம்மா கொதிக்கிற வெயிலில் கிடக்கிறாள், இந்தப் பக்கம் இவள் டக், டக். அபியூ டையைத் தளர்த்தினார்.

"ஏ கடலைத் திருடி!"

பிரெஞ்சு இல்லை. காசெனாவும் இல்லை. சுத்தமான பிஸ்ஸா, கள்ளுப் பானைக்குப் பக்கத்தில் அரைஞாண் கட்டிய வயதில் அம்மா வாயிலிருந்து காதில் விழுந்து, கோட்டுக்கும் டைக்கும் அடியில் கிடந்த பிஸ்ஸா. "எங்கம்மா அங்க வெயில்ல கெடக்கறா, நீ இங்க உக்காந்து கடலை உரிக்கிறியா? உங்க அப்பன் கடலைத் திருடன், உங்க தாத்தன் கடலைத் திருடன், நீ பொறந்தப்ப தொப்புள்கொடிக்குப் பதிலா கடலைச்செடிதான்டி இருந்துச்சு!" இது அச்சில் ஏற்றக்கூடிய பகுதி. மீதியைச் சொன்னால் இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்க மாட்டீர்கள்.

முறம் கீழே விழுந்தது. ரஸ்மானே வாயைப் பிளந்துகொண்டு, "இதை மொழிபெயர்க்கணுமா?" என்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டான்டி!" என்று ஜெர்மேன் எழுந்தாள். "அடியே, எல்லாரும் பாருங்கடி, கச்சானா பெத்த நாய்க்குட்டி வந்துட்டான்டி!" அவர் டையைப் பிடித்து இழுத்தாள். சிரித்தாள், அழுதாள், திட்டினாள், எல்லாம் ஒரே மூச்சில். வசவெல்லாம் காசெனாவில் வந்தது, அது அபியூவுக்குப் புரிந்தது, நடுநடுவே வந்த பிஸ்ஸாவை ரஸ்மானே முதல் தடவையாக உள்ளது உள்ளபடி சொன்னான்: "மதிப்பிற்குரிய திருமதின்னு சொல்லிட்டுப் போனியேடா பாவி. மதிப்பிற்குரியவ எப்படிடா அடுத்தவ வீட்டுக்குள்ள கூப்பிடாம நுழைவா? அவ சாகக் கெடந்தப்ப நான் வாசல் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பினேன்டா."

அதற்கு மேல் சாங்கோரோ பழைய சாங்கோரோவாக ஆனது. கிழக்குக்கரை முழுவதும் திரண்டு ஓடையைத் தாண்டியது. பச்சைத் தொப்பிகளில் கல்லைப் போட்டு முடிந்து கிலுகிலுப்பையாக ஆட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஜெர்மேன், அவள் பிடியில் குழம்பு. பாடையைச் சுற்றி நாயை ஒரு சுற்று நடத்தினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். குழம்பு கச்சானாவை மோந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, பாடை நிழலில் படுத்துத் தூங்கிவிட்டது.

"செத்துட்டா," என்று தீர்ப்புச் சொன்னான் காத்தியூ. "சந்தேகமே இல்ல. இறக்கலாம்."

இறக்க முடியவில்லை. ஏனென்றால் குழிக்குள் ஜெர்மேன் இருந்தாள். "வீடு நல்லாருக்கு, குளுகுளுன்னு இருக்கு, நாய்த்தின்னிக்கு எதுக்கு இவ்வளவு நல்ல வீடு? நானே இருந்துக்கறேன்," என்று அந்தப் பானை வாய்க்குள் காலை விட்டவள் இடுப்பு வரைக்கும் போனாள். அதற்கு மேல் போகவும் இல்லை, வரவும் இல்லை. நடிக்கிறாளா, நிஜமாகவே மாட்டிக்கொண்டாளா? ஒருவருக்கும் தெரியவில்லை. காத்தியூ ஒரு கையையும் செயற்குழு மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் அபியூ குழிக்கு எதிரே முழங்காலிட்டு, கோட்டுப் பாக்கெட்டில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்த கடலையை ஒவ்வொன்றாகத் தூரத் தூரமாக வைத்து, "வா, வா, பா, பா" என்று கோழியைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டார். ஜெர்மேன் ஒரு எம்பு எம்பி வெளியே வந்து, கடலை அத்தனையையும் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

பிறகு அவள் கச்சானாவின் தலைத்துணியை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டாள். கச்சானா மாதிரியே இடது தோளைச் சாய்த்து நின்றாள். இல்லாத அகப்பையால் இல்லாத பானையைக் கிளறினாள். கிளறுவதை நிறுத்தி, ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்தில் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்து, கூப்பிட்டாள். காசெனா மொழியில். கச்சானாவின் குரலில்.

"ஃபெர்தினான்! டேய்! வந்து சாப்பிடு, ஆறிப்போவுது!"

அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று ஜெர்மேனுக்குத் தெரியாது. அதுவும் ஏதோ வசவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷம் பக்கத்துக் கடையில் இருந்து கேட்டுக் கேட்டு, இழுக்கிற இடத்தில் இழுத்து, விடுகிற இடத்தில் விட்டு அப்படியே வைத்திருந்தாள்.

பள்ளி ஆய்வாளர், கழகத் தலைவர் ஃபெர்தினான் அபியூ மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். மூக்கைத் துடைக்க டையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஜெர்மேன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, காசெனாவில் தனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் தாலாட்டு மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கச்சானாவை இறக்கினார்கள்.

அபியூ திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த ரகம் திருந்தாது, திசை மாறும். சரியாக அடுத்த மாதமே கழகத்தின் பெயரை வசவு வளர்ச்சிக் கழகம் என்று மாற்றினார். முதல் மாநாட்டுக்கு மஞ்சள் தொப்பி. காலை அமர்வு: 'நிலக்கடலை சார்ந்த வசவுகள் – ஓர் அறிமுகம்.' மதியம் பயிற்சி. தொடங்கி வைக்க ஜெர்மேனை அழைத்து மேடையேற்றி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார். அவள் அதை நாயிடம் நீட்டினாள். குழம்பு இரண்டு தடவை குரைத்தது. அதோடு மாநாடு முடிந்தது. எல்லோரும் கடலைக் குழம்பு சாப்பிடப் போனார்கள்.

உங்களைச் சொல்லவில்லை, வாசகர்களே. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. உங்கள் எதிர் வீட்டில் வேறு மொழி பேசும் குடும்பம் ஒன்று பல வருஷமாகக் குடியிருக்கிறது. படியில் பார்த்தால் பல் தெரியச் சிரிக்கிறீர்கள், உள்ளே வந்து "ரொம்ப நல்ல மனுஷங்க" என்று வீட்டில் சொல்கிறீர்கள், அவர்கள் சமையல் வாசனை வந்தால் மனம் நோகாதபடி சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்துகிறீர்கள். அவர்கள் ஒரு நாளும் உங்களைத் திட்டியதில்லை. நீங்களும் அவர்களைத் திட்டியதில்லை. எவ்வளவு மரியாதையான உறவு! ஒன்றே ஒன்று கேட்கலாமா? உங்கள் வீட்டில் ஒரு இழவு விழுந்தால், நாயைப் பிடித்துக்கொண்டு யார் வருவார்கள்?